பல்லுக்குக் கேப்: ராவும் நாள் முதல் காப்பாற்றும் காலம் வரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பல்லின் மேல் உறை மாதிரி மாட்டும் கேப் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதப் பாருடா, நீ செஞ்சதுதான். இட்லி சாப்பிடும்போது கழண்டு வந்துடுச்சு." கழன்று நாலு நாள் ஆகியிருந்தது. எனக்கு வேலை அதிகம் என்று சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

நான் பல் லேபில் வேலை செய்கிறவன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, நாங்கள் கேப் செய்து கொடுப்போம். அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கான அந்தக் கேப்பை என் கையாலேயே மெழுகு வைத்து, உலோகம் வார்த்து, பீங்கான் ஏற்றிச் சுட்டிருந்தேன். ஒன்பது வருடம் ஆகியும் ஒரு கீறல் இல்லை, பளபளப்பு குறையவில்லை. திருப்பிப் பார்த்தேன். உள்ளே பழுப்பும் கறுப்புமாக, ஈரமண் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. பசை என்று நினைத்து ஊசியால் குத்தினேன், மெத்தென்று இறங்கியது. அது பல். ஈறு ஓரத்தில் சொத்தை பிடித்து, இளகி, ஒடிந்து, கேப்போடு சேர்ந்து வந்திருக்கிறது.

கேப்பைச் சொத்தை தொடாது. ஆனால் கேப் முடிகிற இடத்தில் பல் தொடங்குகிறது. ஈறை ஒட்டிச் சுற்றிலும் ஓடும் அந்த மெல்லிய கோட்டை லேபில் மார்ஜின் என்போம். இங்கே விளிம்பு என்றே சொல்கிறேன். கேப் எத்தனை வருடம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில், கேப் வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு ரூட் கெனால் முடிந்த கையோடு கேப் பேச்சு வரும். நரம்பு எடுத்த பல் காய்ந்துபோய் உடைந்துவிடும் என்று சொல்வார்கள். காய்வது பெரிய காரணம் இல்லை. சொத்தையைச் சுரண்டியதிலும், நரம்பை எட்ட மேலிருந்து துளை போட்டதிலும் பல்லின் பெரும்பகுதி போய்விடுகிறது. மிஞ்சுவது நாலு மெல்லிய சுவர்கள்தான். மெல்லும்போது விழுகிற பாரம் அந்தச் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருநாள் சுவர் பிளக்கும். பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவது தவிர வழி கிடையாது. மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை அடிக்கிறார்களே, கேப் செய்வது அதே வேலை. சுற்றிப் பிடித்து, பிளக்காமல் வைக்கிறது.

அதனால் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்திருந்தால் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். வலி போனதும் கிளினிக் பக்கமே எட்டிப் பார்க்காமல், ஆறு மாதம் கழித்துப் பாதிப் பல்லோடு வருகிறவர்கள் ஏராளம். உள்ளே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு என்றால் அது சில வாரங்களுக்குத்தான். அதன் ஓரமாக எச்சில் கசிந்து உள்ளே இறங்கினால் செய்த சிகிச்சையே வீணாகும்.

முன்பல் கதை வேறு. அதன் மேல் பாரம் குறைவு. பல்லின் பெரும்பகுதி நன்றாக இருந்து, பின்பக்கம் சிறு துளை மட்டும் போட்டிருந்தால் அடைப்பே போதுமானதாக இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். விரிசல் விட்டு, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுருக்கென்று குத்துகிற பல்லுக்கும், அடைப்புக்கு மேல் அடைப்பு வைத்துச் சுவரே இல்லாமல் போன பல்லுக்கும் கேப் தேவைப்படும்.

ஒன்றை அழுத்தமாகவே சொல்கிறேன். நல்ல பற்களைச் சிரிப்பு அழகுக்காக ராவிக் கேப் மாட்டச் சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். ராவிய பல் திரும்ப வளராது. கோணலுக்குக் கம்பி இருக்கிறது, மஞ்சள் நிறத்துக்கு வெளுக்க வைக்கும் சிகிச்சை இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய மாதம் ஆறு முன்பற்களையும் ராவிக்கொண்ட இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் அச்சு ஒருமுறை என் மேஜைக்கு வந்தது. ராவிய பற்களுக்கு இரண்டு பக்கமும் ஒரு குறையும் இல்லாத பற்கள். அந்த வேலையைச் செய்து முடிக்கும்வரை மனசு ஆறவில்லை.

கேப் உட்கார அடியில் போதுமான பல்லும் வேண்டும். ஈறுக்கு மேலே, சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான பல் இருந்தால்தான் பிடிமானம். "ஈறுக்கு மேல எவ்வளவு நல்ல பல் இருக்கு டாக்டர்? எக்ஸ்ரேயில் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லாத பல்லில், வேருக்குள் போஸ்ட் என்ற சின்னக் கம்பியை வைத்துக் கேப் நிறுத்துவதைவிடப் பிடுங்கிவிடுவது சில நேரம் மேல்.

எந்தக் கேப்?

முழு உலோகக் கேப் இருப்பதிலேயே மலிவு, பல்லையும் அதிகம் ராவ வேண்டியதில்லை. உடையாது, பீங்கான் பெயரும் பயம் கிடையாது. பார்க்க வெள்ளியாகத் தெரியும், அது ஒன்றுதான் குறை. கடைசிக் கடைவாய்ப் பல்லை யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் இதைத் தாராளமாகப் போடலாம். இப்போது யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பி.எஃப்.எம். என்பது உள்ளே உலோகம், மேலே பீங்கான். விலை நடுத்தரம். பல வருடங்களாகப் புழங்கி நிரூபித்தது. மேல் பீங்கான் சில்லு பெயரலாம். வருடங்கள் போய் ஈறு இறங்கும்போது, விளிம்பில் உலோகம் கறுப்புக் கோடாகத் தெரியலாம். இதிலும் முழு உலோகத்திலும் பல நேரம் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறது, வாட்ச் பட்டை பட்டால் அரிக்கிறது என்றால் உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

சிர்கோனியா வெள்ளை நிறம், உலோகம் கிடையாது, நல்ல பலம். விலை பி.எஃப்.எம்.மைவிட நன்றாகவே கூடும். முன்பல்லில் இயற்கைப் பல் மாதிரி ஒளி ஊடுருவ வேண்டும் என்றால் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் அழகாக இருக்கும். ஆனால் இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களின் கடைவாய்க்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை கேட்கும்போது கேப்பின் விலையை மட்டும் கேட்காதீர்கள். ரூட் கெனால், உள்ளே நிரப்பும் கட்டுமானம், எக்ஸ்ரே, தற்காலிகக் கேப் எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிர்கோனியாவுக்கு வாரண்டி கார்டு இருந்தால் கேட்டு வாங்குங்கள். 10 வருடம், 15 வருடம் என்று அதில் போட்டிருப்பது கேப்புக்கு. அடியில் உள்ள பல்லுக்கு யாரும் வாரண்டி தருவதில்லை. கையில் பணம் குறைவு என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியைவிடக் குறைவாகவே வாங்குவார்கள். நாலைந்து தடவை போய் உட்கார வேண்டியிருக்கும். ஆனால் மாணவர் செய்யும் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு விடுவார். அந்தப் பொறுமையில் எடுத்து வருகிற அச்சுகள் பல நேரம் அருமையாக இருக்கும்.

ராவும் நாள்

ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் முதலில் பல் சுத்தம் செய்துகொண்டு, ஈறு ஆறும்வரை ஓரிரு வாரம் பொறுங்கள். ரத்தம் கசிகிற ஈறில் எடுக்கும் அச்சில் விளிம்பு தெளிவாக விழாது. சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதய வால்வு அறுவை, கர்ப்பம் எதுவானாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிறம் பார்ப்பது ராவுவதற்கு முன்பே நடக்க வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். அப்போது தேர்ந்தெடுத்த நிறம் மறுநாள் ஒட்டாது. ஏ1 முதல் டி4 வரை 16 நிறம் உள்ள பட்டையைப் பல்லோடு வைத்துப் பார்ப்பார்கள். லிப்ஸ்டிக் போட்டுப் போகாதீர்கள். முன்பல் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். "இருக்கிறதிலேயே வெள்ளையா போடுங்க" என்று கேட்டால் அந்த ஒரு பல் மட்டும் தனியாக விழிக்கும்.

அப்புறம் மரத்துப்போக ஊசி. நரம்பு எடுத்த பல்லாக இருந்தாலும் ஈறு வலிக்கும் என்பதால் போடுவார்கள். கேப்பின் கனத்துக்கு இடம் விட, மெல்லும் பரப்பில் பொருளைப் பொறுத்து 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை ராவுவார்கள். பக்கங்களில் அதைவிடக் குறைவு. முடிந்ததும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூல் ஒன்றைச் செருகுவார்கள். ஈறைக் கொஞ்சம் விலக்கி, விளிம்பு அச்சில் விழுவதற்காகத்தான் அது. அசௌகரியமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அளவு. சிலிகான் புட்டியை ட்ரேயில் வைத்து அழுத்தலாம், அல்லது சின்ன கேமரா போன்ற ஸ்கேனரால் எடுக்கலாம். இரண்டிலும் நல்ல கேப் வரும். புட்டி என்றால் ஆடாமல் மூக்கால் மூச்சு விடுங்கள், தலையைச் சற்று முன்னால் சாய்த்தால் குமட்டல் குறையும். எடுத்துப் பார்த்துவிட்டு "இன்னொரு தடவை எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்கள் பல்லுக்காகத் தன் அரை மணி நேரத்தைக் கொடுக்கிறார்.

கேப் வரும்வரை தற்காலிகக் கேப் போட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பக்கத்துப் பற்கள் மெல்லச் சாயும், எதிர்ப் பல் இறங்கும், செய்து வந்த கேப் உட்காராது. அந்த நாட்களில் சூயிங்கம், கடலை மிட்டாய், அல்வா வேண்டாம். அந்த இடத்தில் பல் நூல் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ்) விட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள்.

லேபில் அந்த ஒரு வாரம்

அச்சில் கல் மாவைக் கரைத்து ஊற்றினால் உங்கள் பல்லின் நகல் கிடைக்கும். கேப் போடும் பல்லைத் தனியாக அறுத்து எடுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, விளிம்பைச் சிவப்புப் பென்சிலால் ஒரு சுற்று வரைவோம். அந்தக் கோடு தங்குதடை இல்லாமல் ஓடினால் பாதி வேலை முடிந்தது. அச்சில் கடுகளவு காற்றுக் குமிழி விழுந்திருந்தால் கோடு அங்கே அறுந்துபோகும். அந்த இடத்தில் பல் எங்கே முடிகிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஊகித்துத்தான் செய்ய வேண்டும். ஊகித்த இடத்தில் கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே சந்து விழும். நல்ல டாக்டருக்குப் போன் செய்து சொன்னால் நோயாளியைத் திரும்ப வரச் சொல்லி அச்செடுத்து அனுப்புவார். எல்லோரும் அப்படி இல்லை.

சிர்கோனியா சாக்கட்டி மாதிரி மெத்தென்ற வில்லையாக வரும். கம்ப்யூட்டரில் வரைந்த கேப்பை மெஷின் அதிலிருந்து கடைந்தெடுக்கும், அதுவும் உங்கள் பல்லுக்கு வேண்டியதைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. பிறகு சுமார் 1500 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வேகும்போது சுருங்கி, சரியான அளவுக்கு வரும், கல்லாக இறுகும். பி.எஃப்.எம்.மில் உலோகத்தின் மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் 900 டிகிரியை ஒட்டிச் சுடுவோம்.

விளிம்பில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வரக்கூடாது என்று பார்ப்போம், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். ஆனால் ஒரு பாக்டீரியாவின் அளவு 0.001 மில்லிமீட்டர்தான். எவ்வளவு கச்சிதமான கேப்பிலும் கிருமிக்கு அந்த விளிம்பு அகலமான தெரு. அதனால்தான் கேப் போட்ட பிறகும் உங்கள் வேலை முடிவதில்லை.

ஒட்டும் நாள்: தலையாட்டிவிட்டு வராதீர்கள்

இந்த நாளில்தான் நோயாளிகள் அநியாயத்துக்கு மரியாதை பார்க்கிறார்கள். டாக்டர் பிஸி, வெளியே கூட்டம், "சரியா இருக்கா?" என்று கேட்டதும் "சரியா இருக்கு சார்" என்றுவிடுகிறார்கள். நிரந்தரப் பசையில் ஒட்டிய கேப்பைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க முடியும். கேட்க வேண்டியதை எல்லாம் ஒட்டுவதற்கு முன் கேளுங்கள்.

பசை இல்லாமல் வெறுமனே மாட்டிப் பார்க்கும்போது கண்ணாடி வாங்கி நிறமும் வடிவமும் பாருங்கள். பக்கத்துப் பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே பல் நூலை விடச் சொல்லுங்கள். டக்கென்று ஒரு சிறு தடையோடு இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சந்து இருக்கிறது, நாளைக்குக் கீரையும் கறி நாரும் அங்கேதான் மாட்டும். நூலே இறங்காவிட்டால் கேப் முழுதாக உட்காராமல் இருக்கலாம். விளிம்பைக் கூரான கருவியால் டாக்டர் தடவிப் பார்ப்பார். ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தால் பற்களின் நடுவே கண்ணுக்குத் தெரியாத பக்கமும் தெரிந்துவிடும்.

கடி பார்ப்பதற்கு நீலமோ சிவப்போ கார்பன் தாள் வைப்பார்கள். இந்த நேரம் வாய் மரத்திருக்காமல் இருந்தால் உத்தமம், மரத்த வாய்க்கு உயரம் தெரியாது. கடித்துப் பாருங்கள், தாடையை இரண்டு பக்கமும் அரைத்துப் பாருங்கள். கேப் மட்டும் முதலில் முட்டினால் உயரம் அதிகம். "போகப்போகப் பழகிடும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயரமான கேப் பல்லையும் தாடை மூட்டையும் வலிக்க வைக்கும். ராவிக் குறைத்தால் அந்த இடத்தைத் திரும்பப் பாலிஷ் போடச் சொல்லுங்கள். சொரசொரப்பான சிர்கோனியா எதிர்ப் பல்லை அரம் மாதிரி தேய்த்துவிடும்.

மனசுக்குத் திருப்தி இல்லை என்றால் தற்காலிகப் பசையில் ஒட்டிச் சில நாள் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். ஒட்டி முடித்ததும் ஈறுக்குள் பசைத் துணுக்கு தங்காமல் சுத்தமாக எடுக்க வேண்டும், தங்கினால் ஈறு வீங்கியே இருக்கும்.

முதல் சில நாட்கள்

அன்று முழுக்க மெத்தென்ற சாப்பாடு, மறுபக்கத்தில். மரத்தது தெளியும்வரை சாப்பிட வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். நரம்பு உயிரோடு உள்ள பல் என்றால் சூடும் குளிரும் சில நாள் கூசலாம், மெல்லக் குறைந்துவிடும். கடிக்கும்போது மட்டும் வலித்தால் உயரம்தான் காரணமாக இருக்கும், அதே வாரம் போய்ச் சரிசெய்யுங்கள். ராத்திரி தானாகவே விண்ணென்று தெறித்தாலும், ஈறு வீங்கினாலும், சீழ் வந்தாலும் காத்திருக்கக்கூடாது.

தினமும்

விளிம்புக்கு வருவோம். பலர் கேப்பின் மேற்பரப்பைப் பாத்திரம் விளக்குவது மாதிரி விளக்குகிறார்கள். அங்கே ஒன்றும் ஆகாது. மென்மையான பிரஷின் முனைகளை ஈறும் பல்லும் சேரும் கோட்டில், 45 டிகிரி சாய்வாக வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். நாக்குப் பக்கத்தை மறக்காதீர்கள். காலையும் இரவும், இரண்டு நிமிடம். இரவு தேய்ப்பதுதான் ரொம்ப முக்கியம். தூங்கும்போது எச்சில் குறைந்து, கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடும். பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் படித்துப் பாருங்கள், விளிம்புக்குக் கீழே உள்ள பல்லுக்கு அது கவசம். கரிப்பொடி, செங்கல் பொடி, உப்பு எல்லாம் பீங்கானின் பளபளப்பையும் வேரையும் தேய்த்துவிடும்.

இரண்டு பற்களின் நடுவே உள்ள விளிம்பை எந்தப் பிரஷும் எட்டாது. அம்மாவின் கேப்பில் சொத்தை நுழைந்தது அந்த வழியாகத்தான். தினமும் ஒருமுறை பல் நூலை இடுக்கில் இறக்கி, கேப்பின் பக்கத்தை 'சி' வடிவில் அணைத்து, ஈறின் மடிப்புக்குள் கொஞ்சம் போகும்வரை மேலும் கீழும் தேய்த்து எடுங்கள். இடுக்கு அகலமானால், பால் பாட்டில் கழுவும் பிரஷைக் குட்டியாக்கியது போன்ற இன்டர்டென்டல் பிரஷ் இன்னும் எளிது. முதல் வாரம் கொஞ்சம் ரத்தம் வரலாம். அதற்காக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். குண்டூசி, ஹேர்பின், தீக்குச்சி எல்லாம் ஈறைக் குத்திக் கிழிக்கும்.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் இல்லை. முறுக்கு, தட்டை, சீடையை உடைத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்கைக் கடிப்பதும், எலும்பைக் கடைவாயில் வைத்து உடைப்பதும், ஐஸ்கட்டி மெல்லுவதும், சோடா மூடியைப் பல்லால் திறப்பதும் வேண்டாம். கரும்பைக் கத்தியால் சீவித் தின்னலாம். காலையில் எழுந்ததும் தாடை வலிக்கிறது, பக்கத்தில் படுப்பவர் பல் கடிக்கும் சத்தம் கேட்கிறது என்கிறார் என்றால் இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு செய்துகொள்ளுங்கள்.

கேப் கழன்றால்

தூக்கிப் போடாதீர்கள். கழுவி, சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு ஓரிரு நாளில் கிளினிக் போய்விடுங்கள். அடியில் பல் நன்றாக இருந்தால் பல நேரம் அதே கேப்பையே திரும்ப ஒட்டிவிடுவார்கள். ஃபெவிக்விக் போட்டு நீங்களே ஒட்டாதீர்கள், கோணலாக ஒட்டினால் கேப்பும் பல்லும் சேர்ந்து போகும், வாயும் புண்ணாகும். இரவில் கேப்பை வெறுமனே மாட்டிக்கொண்டு தூங்கவும் வேண்டாம். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். விழுங்கியதும் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மூச்சுக்குழாயில் போயிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வலி இல்லாமலேயே கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் உண்டு. கேப் லேசாக ஆடுவது, அந்த இடத்தில் மட்டும் வாடை அடிப்பது, பல் நூல் அதே இடத்தில் பிய்ந்து வருவது, ஈறு அங்கே மட்டும் சிவந்திருப்பது. ரூட் கெனால் செய்த பல்லுக்கு நரம்பு இல்லாததால் உள்ளே எவ்வளவு சொத்தை ஓடினாலும் வலித்துக் காட்டாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள், கேப் உள்ள பல்லுக்கு அவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுங்கள். நல்ல கேப் 10, 15 வருடம் நிற்பது சாதாரணம். 20 வருடம் தாண்டிய கேப்புகளையும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. ஈறுக்கு மேலே பிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால் எடுத்துவிட்டார்கள். மேல் வரிசையில் இன்னொரு கேப் இருக்கிறது. இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும், கண்ணாடியை வாங்கிக்கொண்டு வாசல் விளக்கடியில் உட்கார்ந்து, அந்தக் குட்டிப் பிரஷை இடுக்கில் விட்டு விட்டு எடுக்கிறார். முடித்ததும் என்னைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டுவார். டார்ச் அடித்துப் பார்ப்பேன். அடுத்த எக்ஸ்ரே தை மாதம்.